நான்கு பக்கமும் ஐந்து

எங்கள் குடியிருப்பின் நீரேற்று மோட்டார் சென்ற வாரம் பழுதானது. மயிலாப்பூர்க் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், பன்னிரண்டு குடும்பங்கள் வாழும் பழைய கட்டடம் எங்களுடையது. அதன் சங்கத்துக்கு இந்த ஆண்டு நான்தான் செயலாளர். வேறு எவரும் அகப்படாமையே என் தகுதி. ஆகவே பழுதுபார்க்க வந்தவரின் அருகில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, எல்லாம் அறிந்தவன்போல் நின்றேன். மோட்டாரின் தண்டையும் பம்பின் தண்டையும் இணைக்கும் இரண்டு இரும்பு வட்டுகளுக்கு நடுவே அவர் ஒரு மெல்லிய தகட்டை நுழைத்து எடுத்தார். பிறகு நிமிர்ந்து, “இப்போ சரியா கீது சார். தண்ணி ஏறச்சொல்லோ இன்னொரு தபா பாக்கணும். நவுந்தாலும் நவுந்துரும்” என்றார்.

“ஆகட்டும்” என்றேன். கிரீஸும் சூடேறிய ரப்பரும் கலந்த அந்த மணத்துக்கு அஞ்சி, மோட்டார் அறைப் பக்கமே போகாமலிருக்க நான் இத்தனை ஆண்டுகளாகக் கண்டுபிடித்த காரணங்களைத் தொகுத்தால் ஒரு சிறுநூல் தேறும். உங்களிடம் மறைப்பானேன், அந்த மணம் எனக்கு ஒரு மனிதரின் மணம்.

தமிழில் முதுகலை முடித்து வேலையின்றி அலைந்த காலத்தில் தியாகராய நகரில் ஒரு துணிக்கடையின் அலுவலக அறையில் எனக்கு இடம் கிடைத்தது. கடிதம் எழுதுவதும் விளம்பரத்துக்கு வாசகம் அமைப்பதும் என் பணி. மாடி அறை முழுவதும் கஞ்சிமணம் மாறாத புதுத்துணியின் வாசம் நிறைந்திருக்கும். முதலாளி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடைவிரித்தவர், எல்லாருக்கும் அண்ணாச்சி. என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. “என்னவே புலவரே, ‘தள்ளுபடி’ன்னு போடாம ‘விலைநெகிழ்வு’ன்னு போட்டிருக்கீரு? எவனுக்குவே புரியும்?” என்பார். உரக்கச் சிரிப்பார். ஆனால் அந்தச் சொல்லை அடிக்கமாட்டார். நான் எழுதும் கடிதங்களை அவர் பிறருக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டுவதுண்டு. அதில் எனக்கு இருந்த பெருமிதத்தை இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

அண்ணாச்சிக்கு ஒரு பித்து இருந்தது. படகு கயிறு கட்டி இழுக்க, காலில் பலகை மாட்டிய ஒருவர் நீர்மேல் சறுக்கிப் போகும் விளையாட்டைக் கண்டிருப்பீர்கள். ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அதற்கான பழைய படகொன்றை வாங்கி, நண்பர்கள் எண்மரைச் சேர்த்து ஒரு மன்றமும் அமைத்திருந்தார். அடையாற்றின் கழிமுகத்தருகே ஒரு பெரிய வீட்டின் பின்புறத்துக் கொட்டகையில் படகு இருந்தது. எண்மரில் பலகைமேல் நிற்கத் தெரிந்தவர் ஒரே ஒரு பல் மருத்துவர். ஏனையோர் படகில் அமர்ந்து முறுக்கு தின்பார்கள். அன்றைய ஆறு இந்த அளவுக்கு நாறவில்லை என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். நாறியது. நாங்கள் இளைஞர்களாக இருந்தோம், அவ்வளவுதான்.

மன்றத்தின் கடிதப் போக்குவரத்தும் என் தலையில் விழுந்தமையால் நான் வாரம் இருமுறை அடையாற்றுக்குப் போவேன். படகை ஓட்டியவர் பட்டினப்பாக்கத்துச் செல்வம். கடல்மேல் பிறந்தவர்போல் நடப்பவர். வெள்ளை வேட்டியும் கைக்குடையுமாகக் கரையில் நிற்கும் என்னைக் காண்பது அவருக்கு நித்திய வேடிக்கை. “சாரு, சேறு ஒண்ணும் கடிக்காது, வா” என்பார். நான் போனதில்லை.

ஒரு நாள் நீருக்குள் கிடந்த கருங்கல் ஒன்றில், படகை உந்தும் விசிறி மோதி, அதைச் சுழற்றும் இரும்புத்தண்டு முறிந்தது. அப்போதுதான் இஸ்மாயில் பாய் வந்தார். திருவல்லிக்கேணியில் தனியாட்கள் அறையெடுத்துத் தங்கும் மேன்ஷன்களுக்கு நடுவே ஒரு குறுகிய கட்டடத்தின் கீழ்ப்பகுதியில் ஒற்றைக் கடைசல் எந்திரம், மாடியில் வீடு. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். மீன்பிடிப் படகுகளுக்கும் ஆலைகளுக்கும் வேலை செய்துவந்தவருக்கு இத்தகைய உல்லாசப் படகு ஒன்றில் கைவைப்பது அதுவே முதல்முறை. நகரில் அத்தகைய படகு வைத்திருந்தோர் இன்னும் நால்வர் இருந்தனர். இந்த வேலை நன்றாக முடிந்தால் அந்த நால்வரும் தம்மையே அழைப்பார்கள் என்று அவர் நம்பினார். வெளிப்படையாகவே சொன்னார்: “இது ஒண்ணு நின்னுட்சுன்னா போதும் சார். மிச்சத்த அதுவே கூட்டுனு வந்துரும்.”

நான் அந்தத் தண்டைச் ‘சுழல்தண்டு’ என்றேன். “இன்னா சார் அது, ஓதி ஊதுற மந்திரமா? ஷாப்ட்டு சார் அது” என்று சிரித்தார். அதன்பிறகு வேண்டுமென்றே, “சார், உங்க சுழல்தண்டம்மா எப்டி கீறாங்க?” என்று விசாரிப்பார். அவருடைய கடைக்கு நான் மூன்று முறை போனேன். முறிந்த இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் கிடத்தி அளவெடுத்து, புதிய தண்டைக் கடைந்தார். முடிந்ததும் அதை இரண்டு தாங்கிகளின்மேல் வைத்து மெல்ல உருட்டியபடி, மறுகையில் ஒரு சுண்ணக்கட்டியை அதையொட்டி அசையாமல் பிடித்தார். எங்கேனும் மயிரிழை வளைந்திருந்தால் அங்கே மட்டும் வெண்மை தீற்றும். நெடுகிலும் ஒரே சீராகத் தீற்றியது. அந்தச் சீரைப் பார்த்து நான் அடைந்த மகிழ்ச்சி, நல்ல வாக்கியம் ஒன்று அமைந்தால் வரும் மகிழ்ச்சியேதான். அவரிடம் அதைச் சொல்லவும் செய்தேன். “உங்களுக்குப் பேனா, எனக்கு இது. ரெண்டு பேரும் கிறுக்குனுதான் கீறோம்” என்றார்.

இனி, நான் கெடுத்த கதைக்கு வருகிறேன்.

தண்டைப் படகில் பொருத்தியபின் எந்திரத்தின் வட்டும் தண்டின் வட்டும் ஒன்றையொன்று நேராகப் பார்க்கவேண்டும். மேல், கீழ், இடம், வலம் என நான்கு பக்கமும் அவற்றுக்கிடையே ஒரே அளவு இடைவெளி இருக்கவேண்டும்; இல்லையேல் தண்டு அதிர்ந்து அதிர்ந்து முறிந்துவிடும். அதற்கு அவரிடம் மெல்லிய எஃகுத் தகடுகளின் கொத்து ஒன்று இருந்தது. அதில் ஐந்தாம் எண் தகடு நான்கு பக்கமும் ஒரே இறுக்கத்தோடு நுழைந்தால் சரி. படகு கொட்டகையில் வண்டிமேல் இருந்தபோது அப்படியே நுழைந்தது. ஆனால் அவர் திருப்தி அடையவில்லை. “வண்டிமேல குந்தினு கீறச்சொல்லோ அதுக்கு ஒரு உடம்பு சார், தண்ணில எறங்குனா வேற உடம்பு. பழைய படகு, வளையும். ஒரு பகல் தண்ணில வுட்டு, அப்புறம் பாக்கணும். நாளைக்கே எறக்கிருவோம்” என்றார்.

அன்று வியாழக்கிழமை. பழுதுபார்த்த படகு நல்ல நேரத்தில்தான் நீரைத் தொடவேண்டும் என்பது அண்ணாச்சியின் கட்டளை. நேரம் குறிக்கும் பொறுப்பைப் ‘படித்தவர்’ என்று என்னிடம் ஒப்படைத்திருந்தார். நான் பஞ்சாங்கத்தைப் புரட்டினேன். வெள்ளி அஷ்டமி, சனி நவமி. ஞாயிறு தசமி, காலை ஒன்பதுக்கு நல்ல ஓரை. அதை அழகிய கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

“பூசைய ஞாயித்துக்கெழமையே போடுங்க சார். இது பூசை இல்ல, வேலை. எறக்கிப் பாத்துட்டுத் திருப்பி ஏத்திருவோம். யாருக்கும் தெரியாது” என்றார் இஸ்மாயில் பாய்.

“அஷ்டமியில் நீரைத் தொடலாகாது பாய். அண்ணாச்சி கேட்டால் நான் என்ன சொல்வேன்?”

“நம்ப படகு, நம்ப தண்ணி. அதுக்கு நடுவுல நாள் எங்கருந்து சார் வந்துச்சு?”

பஞ்சாங்கத்தில் எனக்கே நம்பிக்கை இருந்திருந்தால்கூட என்னை மன்னிக்கலாம். இருந்ததில்லை. நான் குறித்துக்கொடுத்தது நிற்கவேண்டும் என்பதே என் பிடிவாதம்.

அவருக்கோ சனிக்கிழமை வாணியம்பாடியில் மைத்துனியின் திருமணம். ஐந்து நாள் கழித்தே திரும்புவார். சற்று யோசித்துவிட்டு, அந்தத் தகட்டுக் கொத்தை என் கையில் கொடுத்தார். “ஞாயித்துக்கெழமை மெதுவா ஒரு ரவுண்டு அடிக்கட்டும், பரவால்ல. திங்கக்கெழமை நீங்க எந்திரப் பெட்டியத் தொறந்து இந்த அஞ்ச நாலு பக்கமும் வுட்டுப் பாருங்க. ஒரே மாதிரி போச்சுன்னா ஓட்டலாம். எங்கியாவது திணறுச்சுன்னா, நான் வர்ற வரிக்கும் படகத் தொடக்கூடாது. செல்வங்கிட்ட குடுத்தா இத வெச்சு மீன் செதில் எடுப்பான். நீங்க படிச்சவரு.”

ஞாயிறன்று பூசை நடந்தது. பூசணிக்காய் உடைத்து, வண்டிச்சக்கரங்களின்கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, மாலை சூட்டி, படகை நீரில் இறக்கினார்கள். எந்திரம் முதல் முயற்சியிலேயே உறுமியது. அண்ணாச்சி என் தோளைப் பற்றி எல்லார் முன்னிலையிலும், “நேரம் குறிச்சது யாரு? நம்ம புலவருல்லா!” என்றார். எட்டுக் குடும்பங்கள் கைதட்டின. என் வாழ்வில் எனக்காக எவரும் கைதட்டியது அன்றுதான்.

திங்களன்று போனேன், இல்லையென்று சொல்லவில்லை. படகு கரையிலிருந்து சிறிது தள்ளிக் கட்டப்பட்டிருந்தது. பலகைப் பாலத்தில் கால் வைத்தேன். அது ஆடியது. கீழே கரிய சேறு. உடுத்தியிருந்ததோ அன்று காலை வெளுத்து வந்த வேட்டி. எந்திரப் பெட்டியின் மூடியைத் தூக்க இரண்டு கை வேண்டும், குடையை எங்கே வைப்பது என்று எண்ணினேன். நேற்று நன்றாக ஓடியதே என்றும் எண்ணினேன். தகட்டுக் கொத்து சட்டைப்பையிலிருந்து வெளிவரவே இல்லை. பேருந்து பிடித்துத் தியாகராய நகருக்கு வந்து ஒரு விளம்பர வாசகத்தைத் திருத்தத் தொடங்கினேன்.

வியாழனன்று அவர் வந்தார். திருமணத்து இனிப்பு ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். அதை என் மேசையில் வைத்தவாறே, “பாத்தீங்களா சார்?” என்றார்.

“பார்த்தேன் பாய்.”

“நாலு பக்கமுமா?”

“நான்கு பக்கமும் ஐந்து.”

அந்த முகம் மலர்ந்ததை நான் எப்படி எழுதுவேன்? “அட! தண்ணிலயும் நவுரலியா? வண்டிமேல வெச்சது அப்டியே நின்னுட்சா?” என்று தம் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “இத்தன வருசத்துல இப்டி நின்னதே இல்ல சார்.” தகட்டுக் கொத்தை வாங்கிக்கொண்டு, படியிறங்கும்போதும் சிரித்துக்கொண்டே போனார். அந்த இனிப்பை நான் தின்றேன்.

இரண்டாம் ஞாயிறு செல்வம் என்னைத் தனியே அழைத்தார். “சாரு, படகு ஓடச்சொல்லோ கால்ல நமநமன்னு அதிருது. முன்ன இப்டி இல்ல. பாயைக் கூட்டினு வந்து காட்டு.”

“புதிதென்றால் சற்று அப்படித்தான் இருக்கும்” என்றேன்.

“நீ இன்னா எஞ்சினீரா? குடைய மடிக்கவே அரை நாளு ஆவுது உனக்கு.”

சிரித்து மழுப்பினேன். பாயை அழைத்துவந்தால் முதலில் தகட்டைத்தான் நுழைப்பார். அது திணறினால் என் பொய் தெரிந்துவிடும்.

மூன்றாம் ஞாயிறு அண்ணாச்சி தம் மகளுக்குப் பேசிமுடித்திருந்த இடத்துச் சம்பந்தியைப் படகில் ஏற்றினார். பட்டுவேட்டி, அங்கவஸ்திரம், சந்தனப்பொட்டு. கரையிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நடு ஆற்றில் ஒரு வெடிச்சத்தம் கேட்டது. தண்டு வட்டின் அருகே முறிந்து பின்னோக்கி நழுவ, விசிறி சுக்கானில் போய்ச் சிக்கியது. குலுக்கலில் தண்டைச் சூழ்ந்திருந்த ரப்பர்க்குழாய் கிழிந்து நீர் உள்ளே புகுந்தது. ஆழமில்லாத இடமாதலால் உயிருக்குத் தீங்கில்லை. ஆனால் சம்பந்தி தொடையளவு சேற்றில், வேட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கரைக்கு நடந்துவந்தார். அவர் நல்லவர், சிரித்தார். அண்ணாச்சியால் சிரிக்க முடியவில்லை. செல்வம் கயிற்றைச் சுருட்டியவாறு என்னை ஒருமுறை பார்த்தார். ஓட்டியவன் என்று பழி தம்மேல் திரும்பிவிடும் என்னும் அச்சம் அவருக்கும் இருந்திருக்கவேண்டும், வாய் திறக்கவில்லை.

மறுநாள் அண்ணாச்சி, “அந்த பாய்க்கு ஒரு கடுதாசி எழுதும்வே. வேலைல கோளாறுன்னு போடும். இனி இந்தப் பக்கமே வராண்டாம்னு போடும். படகு வச்சிருக்க அந்த நாலு பேருக்கும் ஒவ்வொரு காப்பி அனுப்பும்” என்றார்.

சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இருவர் மட்டுமே இருந்தோம். அவர் திட்டியிருப்பார்; ஒருவேளை வேலையைவிட்டு நீக்கியிருப்பார். அதற்குமேல் ஒன்றும் நேர்ந்திராது. நான் தாளை எடுத்தேன். “தங்கள் கைவினையின் செப்பமின்மையான் நேர்ந்த இழுக்கு” என்று தொடங்கும் அந்த வாக்கியத்தை இன்றும் முழுதும் ஒப்பிப்பேன். மூன்று முறை அடித்துத் திருத்தினேன். எழுவாயும் பயனிலையும் இவ்வளவு தொலைவில் நின்றும் ஒன்றையொன்று கைவிடாத வாக்கியம் அதற்குமுன் எனக்கு அமைந்ததில்லை. எழுதும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இதை உங்களைத் தவிர எவரிடமும் சொன்னதில்லை.

நான்கு நாள் கழித்துக் கடிதத்தோடு அவரே வந்தார். அண்ணாச்சி பார்க்க மறுத்துவிட்டார். என் மேசைக்கு வந்து, தாளை விரித்து வைத்தார். “நான் உருது ஸ்கூல்ல படிச்சவன் சார். தமிழ்ல போர்டு படிப்பேன், பஸ்ஸு படிப்பேன். இது முடியல. தெருவுல ரெண்டு பேருங்கிட்ட காட்டினேன். அவங்களுக்கும் புரியல. கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க.”

படித்தேன். ஒவ்வொரு தொடராகப் படித்து, ஒவ்வொன்றையும் பேச்சுத்தமிழில் பெயர்த்தேன். “தப்பு உங்க வேலையிலதான்னு போட்டிருக்கு பாய்... இனிமே வரவேண்டாம்னு போட்டிருக்கு... மத்தவங்களுக்கும் தெரிவிச்சிருக்கு.”

தாளைத் தம் பக்கம் இழுத்து, மடிப்பை விரலால் நீவினார். “யாரு சார் எழுதுனது? பெரிய படிப்பு படிச்சவங்க போலகீது.”

“கடையில ஒருத்தர்” என்றேன்.

“நீங்களே சொல்லுங்க சார். தண்ணில நாலு பக்கமும் அஞ்சு இருந்துச்சு, நீங்கதான் பாத்தீங்க. அப்போ பொருத்துனதுல தப்பு இல்ல. அப்போ கடைஞ்சதுலதான் தப்பு. சாக்பீஸு வெச்சுப் பாக்கச்சொல்லோ நீங்களும் இருந்தீங்களே. எங்க வுட்டேன் சார்?”

“எனக்கு அதெல்லாம் தெரியாது பாய்.”

முறிந்த துண்டை மட்டும் கேட்டார். செய்தித்தாளில் சுற்றிக்கொடுத்தேன். ஈரத்துணியை ஏந்துவதுபோல் இரு கையாலும் ஏந்திக்கொண்டு போனார்.

அதன்பின் நான் அந்தக் கடையைவிட்டு ஒரு பதிப்பகத்துக்கு மெய்ப்புத் திருத்தப் போனேன். பிறர் எழுத்தில் குற்றம் காண்பதே தொழிலானது, நன்றாகச் செய்தேன். நான்கு ஆண்டுகளுக்குமுன் அச்சக வேலையாகத் திருவல்லிக்கேணிக்குப் போனபோது, கால் தானாகவே அந்தச் சந்தில் திரும்பியது. கீழ்ப்பகுதியில் கைப்பேசி உறைகள் தொங்கும் கடை. உள்ளே அமர்ந்திருந்தவர் இஸ்மாயில் பாயின் தம்பி.

“அண்ணனா? மவுத்தாயி, போய்ச் சேந்து மூணு வருசம் ஆச்சு சார். நீங்க?”

“பழைய பழக்கம்” என்றேன். அவர் உட்காரச் சொன்னார். பேசப் பிரியமுள்ளவர்.

“படகு வேலய அப்பவே வுட்டுட்டாரு. மிக்சி, கிரைண்டர்னு சின்னச் சின்ன வேலைதான். அதயும் பத்து தபா பாப்பாரு. கஷ்டமருங்கல்லாம் ‘இன்னா பாய், ஒரு ஷாப்ட்டுக்கு ஒரு மாசமா’ன்னு கத்துவாங்க. ஒரு ஒடஞ்ச துண்டு வெச்சிருப்பாரு சார். வெயில்ல காட்டுவாரு, லென்ஸு வெச்சுப் பாப்பாரு. ‘இதுல எங்கடா தப்பு பண்ணேன்’னு என்னயக் கேப்பாரு. எனக்கு இன்னா தெரியும்?”

அப்போது நான் சொன்னேன். தப்பு அவர்மேல் இல்லை, நான்தான் பார்க்காமலே பார்த்ததாகச் சொன்னேன், கடிதமும் நான் எழுதியதுதான் என்று, இடையில் ஒருமுறையும் நிறுத்தாமல் சொல்லிமுடித்தேன். தம்பி என்னை உற்றுப் பார்த்தார். சினமில்லை. கையில் எடுத்த உறையை மீண்டும் ஆணியில் மாட்டினார்.

“எங்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? அண்ணி மாடிலதான் கீறாங்க. அவங்கதான் கூடவே இருந்து எல்லாத்தையும் பாத்தாங்க. போய் அவங்ககிட்ட சொல்லுங்க.”

படிக்கட்டு கடைக்குப் பக்கத்திலேயே இருந்தது. குறுகலான, இருண்ட, பதினைந்து படிகள் இருக்கலாம். மேலே யாரோ பாத்திரம் கழுவும் ஓசை. முதற்படியில் நின்றேன். எந்த வாக்கியத்தால் தொடங்குவது என்று மனத்துக்குள் அமைத்துப் பார்த்தேன், பொருந்தவில்லை, மாற்றினேன். “அச்சகத்தில் காத்திருப்பார்கள். இன்னொரு நாள் வருகிறேன்” என்று தம்பியிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மோட்டார் சரியானதன் மறுநாள், அந்தப் படிகளை இம்முறை ஏறிவிடுவதென்று காலையிலேயே புறப்பட்டுத் திருவல்லிக்கேணிக்குப் போனேன். அடையாற்றுக் கொட்டகை இருந்த இடத்தில் அடுக்கு வீடுகள் எழுந்து வெகுகாலம் ஆகிறது. அண்ணாச்சி காலமானார், துணிக்கடை கைமாறிவிட்டது. செல்வம் இருந்த குடியிருப்பையும் இடித்துவிட்டதாகக் கேள்வி. அவற்றுக்காக நான் வருந்தவில்லை. அந்தச் சந்து இருந்தது. அந்தக் கட்டடம் இல்லை. தகரத்தால் வேலி அடைத்து உள்ளே பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

எதிரிலிருந்த தேநீர்க்கடைக்காரர், “இடிச்சு ஆறு மாசம் ஆச்சு நைனா. குடியிருந்தவங்கல்லாம் ஆளுக்கொரு பக்கமா பூட்டாங்க” என்றார். பாயின் தம்பியைக் கேட்டேன். அவர் மகனோடு வெளிநாடு போய்விட்டாராம். பிறகு கடைக்காரர், “மாடில ரெண்டு மூணு குடும்பம் இருந்துச்சு. விசாரிச்சுச் சொல்றேன். பேர் சொல்லு, யாரு வோணும் உனக்கு?” என்று என் முகத்தைப் பார்த்து நின்றார்.

இஸ்மாயில் பாயின் மனைவியின் பெயர் எனக்குத் தெரியாது. ஒருமுறையும் நான் கேட்டுக்கொண்டதில்லை.